வைஃபாலே என்று கூப்பிட்டபோது

அவுகுஸோவும் ஃபெரேத்தியும் அன்று ஒரே காரில் ஆஸ்பத்திரிக்குப் போனதற்குப் பாசம் காரணமில்லை. பெரியவர் அவுகுஸோவுக்குப் பார்வை மங்கி, வண்டி ஓட்டுவதை விட்டு வெகுநாள் ஆயிற்று. அவர் மகன் வேலைக்குப் போய்விட்டான். ஃபெரேத்தியின் மனைவி தெலேசியாதான், "ஒரே ஆஸ்பத்திரி, ஒரே மாடி, ஒரே காலை. நீங்க தனியா, அவர் பஸ்ல தனியா போனா சபையில என் மூஞ்சியைத்தான் பார்த்துச் சிரிப்பாங்க" என்று சொல்லி, ஒரு டப்பா பன்றிக்கறி பன்னையும் கையில் கொடுத்து இருவரையும் சேர்த்து அனுப்பினாள்.

இருவரும் அண்ணன் தம்பி என்றாலும் கூடப் பிறந்தவர்கள் இல்லை. பெரியப்பா பிள்ளை, சித்தப்பா பிள்ளை. எங்கள் சமோவா ஜனங்கள் அந்த வித்தியாசத்தை ஒரு வித்தியாசமாகவே எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் இவர்களுக்கு நடுவில் ஒரு பெயர் இருந்தது. வைஃபாலே என்பது அவர்கள் குடும்பத்தின் பட்டம். குடும்பத்துக்குத் தலைவனாக ஊர்க்கூட்டத்தில் உட்காருகிறவனுக்குக் கொடுக்கிற பெயர். பழைய வைஃபாலே செத்தபோது, அடுத்தது யார் என்று சவாயித் தீவில் கூடிப் பேசினார்கள், கத்தினார்கள், அழுதார்கள். கடைசியில் யாரையும் பகைக்க முடியாமல் இருவருக்கும் ஒரே நாளில் அந்தப் பெயரைச் சூட்டிவிட்டார்கள். அது எங்களில் நடக்கிறதுதான். இருவரும் ஆக்லாந்துக்குத் திரும்பி வந்து அதையே குடும்பப் பெயராகவும் வைத்துக்கொண்டார்கள். அதிலிருந்து எங்கள் பேட்டை மாங்கேரேயில் இரண்டு வைஃபாலே.

"பட்டத்தோட தலை எங்கிட்ட இருக்கு, வால் இவங்கிட்ட இருக்கு" என்று ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் பெரியவர் சொல்வார்.

"வால் இல்லாத மாடுதான் ஈ ஓட்ட முடியாம தவிக்கும்" என்று ஃபெரேத்தி பதில் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். அவர்கள் இரண்டு பேரும் மட்டும் கொஞ்சம் தாமதமாகச் சிரிப்பார்கள்.

அன்று பெரியவருக்கு, நெஞ்சில் தோலுக்கடியில் வைத்திருந்த பேஸ்மேக்கரை வழக்கம்போல் சோதிக்க வேண்டும். ஃபெரேத்திக்கு வலது முட்டியில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன். அவர் இரும்புக் கதவும் வேலியும் செய்கிற பட்டறை வைத்திருப்பவர். ஆள் கனமானவர். முட்டி வீங்கியபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த அலுமினிய ஊன்றுகோல் அவர் பாரம் தாங்காமல் வளைந்துவிட்டது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, இரும்புத் தண்ணீர்க் குழாய் ஒன்றை வெட்டி, வளைத்து, பற்றவைத்து, தானே ஒரு கைத்தடி செய்துகொண்டார். அதை ஊன்றி நடந்தால் பக்கத்து வீட்டில் கேட்கும்.

காரில் போகும்போது ஃபெரேத்தி பேசிக்கொண்டே வந்தார். பெரியவருக்குப் பாதி காது. நாற்பது வருஷம் இறைச்சித் தொழிற்சாலையில் ரம்பச் சத்தத்தில் நின்ற காது.

"போன வாரம் ஒரு பொண்ணு போன் பண்ணிக் கேள்வி மேல கேள்வி கேட்டுச்சுண்ணே. உடம்புக்குள்ள இரும்பு இருக்கா, தகடு இருக்கா, நெஞ்சுல மெஷின் இருக்கான்னு. அந்த ஸ்கேன்ல இருக்கிறது ராட்சசக் காந்தமாம். உன்னை மாதிரி ஆளு உள்ள போனா மெஷின் தாறுமாறாயி, உசிருக்கே ஆபத்தாம்."

"யாரு போனா?"

"நீ போனா!"

"நான் எதுக்குப் போறேன்? எனக்கென்ன முட்டி வலியா?" என்றார் பெரியவர். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மாடியில் இரண்டு பிரிவுக்கும் சேர்த்து ஒரே காத்திருக்கும் கூடம். இடது கையில் இதயப் பிரிவின் கதவு, வலது கையில் ஸ்கேன் பிரிவுக்குப் போகும் நடை. பெரியவர் நல்ல சட்டை போட்டு, கோயிலுக்குப் போவதுபோல் சாம்பல் நிற லாவாலாவாவை வேட்டிபோல் இடுப்பில் சுற்றி, முதல் வரிசையில் உட்கார்ந்தார். ஃபெரேத்தி கழிவறைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தபோது அண்ணன் இருந்த நாற்காலி காலி. பன் டப்பா மட்டும் இருந்தது.

'நல்லது. முதலில் அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்' என்று நினைத்துக்கொண்டு ஒரு பன்னை எடுத்தார். அதை முழுசாகத் தின்று முடிப்பதற்குள் இடது பக்கக் கதவு திறந்தது. சிவந்த தாடி வைத்த ஓர் ஆள் எட்டிப் பார்த்தார்.

"மிஸ்டர் வைஃபாலே?"

ஃபெரேத்தி தடியை ஊன்றிக்கொண்டு எழுந்தார். ஸ்கேன் வலது பக்கம் என்று எழுதியிருந்ததே என்று ஒரு கணம் தோன்றியது. ஆஸ்பத்திரிக்காரர்களுக்குத் தெரியாதா என்று உள்ளே போய்விட்டார்.

உள்ளே ராட்சசக் காந்தம் எதுவும் இல்லை. ஒரு கட்டில், ஒரு மேசை, மேசைமேல் ஒரு சின்னக் கணினி. தாடிக்காரர் தன் பெயர் டங்கன் என்றார்.

"சட்டையைக் கழட்டிட்டு, கண்ணாடியையும் வச்சிட்டுப் படுங்க சார்."

"சட்டையா? முட்டி கீழல்ல இருக்கு?"

டங்கன் அதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார். ஃபெரேத்தியும் மரியாதைக்குச் சிரித்தார். சட்டையைக் கழற்றி, கண்ணாடியை மேசைமேல் வைத்துவிட்டுப் படுத்தார். டங்கன் உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டக் கருவியை எடுத்து அவர் இடது மார்பின்மேல் வைத்தார். கணினியைப் பார்த்தார். கருவியைக் கொஞ்சம் மேலே நகர்த்தினார், கீழே நகர்த்தினார். பிறகு வலது மார்புக்குக் கொண்டுபோனார்.

"சில பேருக்கு இந்தப் பக்கம் வச்சிருப்பாங்க" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். விரலால் தோலை அழுத்திப் பார்த்தார். "சார், எங்க வச்சாங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"எதை?"

"மெஷினை."

"மெஷின் உங்ககிட்டதானே இருக்கணும்? நான் படுக்கத்தானே வந்தேன்?"

"இல்ல, நான் சொல்றது உங்க மெஷினை."

"என்னோடது பட்டறையில இருக்கு."

டங்கன் கருவியை எடுத்துவிட்டார். அவர் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தி, குழந்தையிடம் பேசுவதுபோல் மெதுவாகப் பேசினார்.

"சார், பேட்டரி எப்படி இருக்குன்னு பார்க்கத்தான் கூப்பிட்டோம். ஞாபகம் இருக்கா?"

"பேட்டரி போன மாசம்தான் மாத்தினேன். டொயோட்டாக்காரனே போட்டுக் குடுத்தான்."

"இன்னைக்கு என்ன கிழமைன்னு சொல்லுங்க பார்ப்போம்?"

"வியாழன். ஏன், உங்களுக்குத் தெரியாதா?"

ஃபெரேத்திக்கு உள்ளே கலக்கமாக இருந்தது. முட்டிக்கு ஊசி போட்டபோது தனக்குத் தெரியாமல் உடம்பில் எதையாவது வைத்துவிட்டார்களா? வைத்ததைத்தான் இப்போது காணவில்லையா? காரைப் பற்றி இவருக்கு என்ன அக்கறை? எதைக் கேட்பது, எதிலிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை.

டங்கன்தான் கடைசியில் நேராகச் சொன்னார். "மிஸ்டர் வைஃபாலே, உங்க பேஸ்மேக்கரைக் காணோம்."

"அது எனக்கு எங்க இருக்கு? எங்கண்ணனுக்கு இருக்கு."

"உங்கண்ணன் எங்க?"

"இங்கதானே இருக்கணும்!"

"இங்க நீங்கதானே இருக்கீங்க!"

சொன்ன பிறகுதான் டங்கனுக்கு உறைத்தது. ஃபெரேத்திக்கு இன்னும் உறைக்கவில்லை. "அவரும் வைஃபாலேயா?" என்று டங்கன் கேட்டார். "நீங்க எதுக்கு வந்தீங்க?" என்றும் கேட்டார்.

"எம்.ஆர்.ஐ.க்கு" என்று ஃபெரேத்தி சொன்னார். அந்த வார்த்தை தன் காதில் விழுந்ததும்தான் அவருக்கும் உறைத்தது; கட்டிலைவிட்டு எழுந்தார்.

"அவரோடது பழைய மாடல்" என்றபடியே டங்கன் போனை எடுத்துவிட்டார். "புதுசா வர்ற சிலதோட உள்ள போகலாம். இதோட போகவே கூடாது." போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். "எடுங்க, எடுங்க... பேசிட்டிருக்காங்க. லைன் கிடைக்கல."

ஃபெரேத்தி காத்திருக்கவில்லை. சட்டை இல்லை, கண்ணாடி இல்லை, கையில் தடி மட்டும். கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினார். முட்டி வலித்ததா என்று பிறகு கேட்டபோது அவருக்கு ஞாபகமே இல்லை. கூடத்தில் இருந்தவர்கள் கால்களை இழுத்துக்கொண்டார்கள். மேல் துணி இல்லாத பெரிய மனிதர் ஒருவர், இரும்புத் தடியைத் தரையில் குத்திக் குத்தி ஓடி வந்தால் யார் வழி விடமாட்டார்கள்?

ஸ்கேன் பிரிவின் வெளிக்கதவு அட்டை வைத்தால்தான் திறக்கும். அந்த நேரம் பார்த்து, அழுக்குத் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வெளியே வந்தாள். அவள் "சார், சார்!" என்பதற்குள் ஃபெரேத்தி அவளைக் கடந்து உள்ளே போய்விட்டார்.

உள்ளே சின்ன அறை. நீலச் சீருடையில் ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்பால் ஒரு கனத்த கதவு திறந்து கிடந்தது. அந்தக் கதவின் வழியாக வெள்ளையாக, பெரிய தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்ததுபோல், நடுவில் ஓட்டையோடு அந்த இயந்திரம் தெரிந்தது. ஓட்டைக்கு முன்னால் நீண்ட படுக்கை. படுக்கையில் போர்வை மூடிய உருவம் ஒன்று. கண்ணாடி இல்லாத ஃபெரேத்தியின் கண்ணுக்கு அது அண்ணன்தான். அசையாமல் கிடக்கிறார்.

"அண்ணே! எழுந்திரு! வெளிய வா!"

போனில் இருந்தவள் திரும்பினாள். "நில்லுங்க! உள்ள போகாதீங்க!" என்று அவள் கத்தியது அவருக்குக் கேட்டது. தன்னைத் தடுக்கிறாள், அண்ணனைக் கொல்லப் போகிறார்கள் என்றுதான் அதற்கு அவர் அர்த்தம் எடுத்துக்கொண்டார். வாசலைத் தாண்டிக் கால் வைத்தார்.

முதலில் யாரோ தடியின் நுனியைப் பிடித்ததுபோல் இருந்தது. கூட்டத்தில் வேட்டி நுனியை யாராவது மிதித்தால் இழுபடுமே, அப்படி. ஃபெரேத்தி பிடியை இறுக்கினார். அடுத்த அடியில் அந்தப் பிடி யாரோ ஒருவருடையதாக இல்லை; பத்துப் பேர் சேர்ந்து இழுத்தார்கள். தடி தரையைவிட்டு எழுந்து, ஆளைக் குப்புறச் சாய்த்து, கையைவிட்டுப் பிடுங்கிக்கொண்டு பறந்தது. படுக்கைக்கு மேலாகப் போய் அந்த ஓட்டையின் விளிம்பில் மோதிய சத்தத்தில் கட்டடமே அதிர்ந்ததுபோல் இருந்தது. மோதிய பிறகும் கீழே விழவில்லை. சுவரில் ஒட்டிய பல்லியைப்போல் அங்கேயே நின்றது.

ஃபெரேத்தி முட்டி போட்டுத் தரையில் கிடந்தார். கால்சட்டைப் பையில் இருந்த பட்டறைச் சாவிகள் துணியை முன்னால் இழுத்துக்கொண்டு துடித்தன. பெல்ட்டின் இரும்புக் கொக்கியும் முன்னால் இழுத்தது. போர்வையைப் பார்த்தார். அது போர்வைதான். மடித்த போர்வையும் இரண்டு தலையணையும். யாரும் இல்லை.

"அசையாதீங்க!" என்றாள் நீலச் சீருடைப் பெண், வாசலிலிருந்தபடியே. அவள் பெயர் ஜோஸ்லின் என்று பின்னால் தெரிந்தது. "எழுந்திருக்க வேணாம். பையைக் கையால இறுக்கப் பிடிச்சுக்கோங்க. அப்படியே உட்கார்ந்தபடி பின்னாடி நகர்ந்து வாங்க. மெதுவா. என்னைப் பார்த்து வாங்க."

அறுபது வயசு மனிதர், குடும்பத் தலைவர், சட்டையில்லாமல் பிட்டத்தால் தேய்த்துத் தேய்த்து வெளியே வந்தார். அவர் வந்ததும் ஜோஸ்லின் அந்தக் கனத்த கதவைச் சாத்திவிட்டு, அதிலேயே சாய்ந்து நின்றாள்.

"எங்கண்ணன் எங்க?" என்றார் ஃபெரேத்தி.

"யாரு?"

"எங்கண்ணன்! வைஃபாலே!"

"நீங்க யாரு?"

"நானும் வைஃபாலேதான்!"

அவள் அவரைப் பார்த்த பார்வை, சற்றுமுன் டங்கன் பார்த்ததைப் போலவே இருந்தது.

அப்போது பக்கத்திலிருந்த துணி மாற்றும் அறையின் திரை விலகியது. இடுப்பில் தன் சாம்பல் லாவாலாவாவோடு, மேலே ஆஸ்பத்திரி அங்கியை முன்பின் மாற்றிப் போட்டுக்கொண்டு, அவுகுஸோ எட்டிப் பார்த்தார்.

"என்னடா சத்தம்? யாரு பானையை உடைச்சது?" என்று சமோவா மொழியில் கேட்டார். பிறகு தம்பியைப் பார்த்து, "உன் சட்டை எங்க? வெக்கமா இல்ல?" என்றார்.

ஃபெரேத்தி எழுந்து போய் அவர் நெஞ்சில் கையை வைத்தார். இடது தோளுக்குக் கீழே, தோலுக்கடியில், தீப்பெட்டி போன்ற அந்த மேடு தட்டுப்பட்டது. அதன்மேலேயே கையை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். பெரியவருக்கு ஒன்றுமே புரியவில்லை. அழுகிறவனைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே ஜோஸ்லினைப் பார்த்து, இவன் இப்படித்தான் என்பதுபோல் தலையை ஆட்டினார்.

டங்கன் வந்தார், ஜோஸ்லினுடைய அதிகாரி வந்தார், டாக்டர் ஒருவர் வந்தார். எல்லோருமாக உட்கார்ந்து நடந்ததைக் கோத்துப் பார்ப்பதற்கு வெகுநேரம் பிடித்தது. பெரியவருக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான். ஃபெரேத்திதான் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தார். நடுவில் சண்டையும் போட்டார்.

"வைஃபாலேன்னு கூப்பிட்டாங்க, போனேன்" என்றார் பெரியவர். "அந்தப் பேரைச் சொன்னா முதல்ல எழுந்திரிக்கிறது யாரு? நான்தானே?"

"ஃபெரேத்தின்னும் சேர்த்துத்தானே கூப்பிட்டிருப்பாங்க?"

"இந்தப் பொண்ணு வாயில நம்ம பேரெல்லாம் எப்படி வருது? ஏதோ வாந்தி வர்ற மாதிரி ஒரு சத்தம் கேட்டுது, அப்புறம் வைஃபாலேன்னு கேட்டுது."

"பிறந்த தேதியைக் கேட்டிருப்பாங்களே?"

"கேக்கல. அவளே படிச்சா. நான் தலையாட்டினேன். படிச்ச பொண்ணு தப்பாவா படிக்கப் போகுதுன்னு."

"அது உன்னைவிடப் பதினோரு வயசு சின்னவனோட தேதிண்ணே!"

"காதுல விழுந்தாத்தானேடா!"

ஜோஸ்லின் எதையும் மறைக்கவில்லை. தேதியைத் தானே படித்துக் காட்டியது தவறு, அவரையே சொல்லச் சொல்லியிருக்க வேண்டும் என்றாள். ஆனால் ஒன்று மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை. "பேஸ்மேக்கரைப் பத்தி நான் கேட்டேன். உங்களுக்கு பேஸ்மேக்கர் எதுவும் கிடையாது, அப்படித்தானேன்னு தெளிவா கேட்டேன். இல்லைன்னு சொன்னார். ரெண்டு தடவை கேட்டேன். ரெண்டு தடவையும் இல்லைன்னுதான் சொன்னார்."

ஃபெரேத்தி அண்ணனிடம் திரும்பினார். "நீ இல்லைன்னா சொன்னே?"

"ஆமா, இல்லைன்னுதான் சொன்னேன்."

"ஏன்?"

"கிடையாது, அப்படித்தானேன்னு கேட்டா. அப்படி இல்ல, இருக்குன்னு அர்த்தத்துல இல்லைன்னேன். வேற எப்படிச் சொல்றது? மறுபடியும் கேட்டா. இவளுக்குக் காது மந்தம் போலிருக்குன்னு சத்தமா இல்லைன்னேன்."

ஃபெரேத்தி அதை ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கி, பாதியில் நின்றுவிட்டார். இருபது வருஷமாகத் தானும் ஆங்கிலம் பேசிக்கொண்டுதான் இருக்கிறார். கிடையாதுதானே என்று கேட்டால், கிடையாது என்பதற்கு அவர்கள் 'இல்லை' என்பார்கள். நாம் அதற்கே 'ஆமாம்' என்போம். இத்தனை நாளும் எத்தனை பேரிடம் எதை எதையோ மாற்றிச் சொல்லியிருக்கிறோமோ என்று அவருக்குத் தலை சுற்றியது. மூன்றாவது முயற்சியில்தான் ஜோஸ்லினுக்கு விளங்கியது. அவள் கையால் வாயை மூடிக்கொண்டாள்.

"இந்தப் பொண்ணு முட்டியைத் தொட்டுக் காட்டியிருக்குமே, அப்பவாவது உனக்குத் தெரியலையாண்ணே?"

"நெஞ்சுக்கு முன்னாடி முட்டியையும் பார்க்கிறாங்களே, நல்ல ஆஸ்பத்திரின்னு நினைச்சேன்."

பிறகு ஏன் அவர் உள்ளே போகவில்லை? அதற்கும் ஜோஸ்லின்தான் பதில் சொன்னாள். உடம்பில் பச்சை குத்தியிருக்கிறதா என்று அவள் கேட்டிருக்கிறாள். அந்தக் கேள்வி மட்டும் பெரியவருக்கு முழுசாகப் புரிந்தது. பெருமையோடு லாவாலாவாவை விலக்கிக் காட்டினார். இடுப்பிலிருந்து முட்டிக்குக் கீழே வரைக்கும், கையகல இடம் விடாமல், சவாயியில் பல வாரம் படுத்துக் குத்திக்கொண்ட பச்சை. அவ்வளவு பெரிதாக அவள் பார்த்ததில்லை. சில மையில் இரும்புச் சத்து இருக்கும், ஸ்கேனில் சூடேறித் தோல் வெந்துபோகலாம் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சந்தேகமாக இருக்கவே, அவரைத் துணி மாற்றும் அறையிலேயே உட்காரச் சொல்லிவிட்டு டாக்டரைக் கேட்கப் போன் செய்திருக்கிறாள். டங்கனுக்கு லைன் கிடைக்காமல் போனது அதனால்தான்.

"பச்சை இல்லைன்னா?" என்றார் ஃபெரேத்தி.

அங்கி மாற்றும்போது மேட்டைப் பார்த்திருப்பேன் என்று ஜோஸ்லின் மெதுவாகச் சொன்னாள். பார்த்திருக்கலாம். பார்க்காமலும் இருந்திருக்கலாம். அங்கியை அவர் திரைக்குப் பின்னால் தானே போட்டுக்கொண்டார் அல்லவா?

தடி அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. "ஸ்விட்சை அணைச்சா விழுந்துடாதா?" என்று ஃபெரேத்தி கேட்டார். அதற்கு அப்படி ஒரு ஸ்விட்ச் கிடையாது, கரண்ட் போனாலும் அது இழுத்துக்கொண்டுதான் இருக்கும், ராத்திரியும் பகலும், யாரும் இல்லாதபோதும் என்று அதிகாரி சொன்னார். காந்தத்தின் விசையை இறக்க வேண்டுமானால் கம்பெனி ஆள் வரவேண்டும். அந்த வாரம் முழுக்க அங்கே யாருக்கும் ஸ்கேன் இல்லை. காத்திருந்தவர்களைத் திருப்பி அனுப்புவதை ஃபெரேத்தி கூடத்திலிருந்து பார்த்தார். தலையில் துணி கட்டிய ஒரு பெண், கூட வந்தவரிடம் "மறுபடியும் முதல்ல இருந்தா?" என்று கேட்டுக்கொண்டே போனாள். அவருக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

டங்கன் பெரியவரைப் படுக்க வைத்துச் சோதித்தார். எல்லாம் சரியாக இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது, நான் அண்ணனைக் காப்பாற்றினேனா, இல்லை சும்மா இருந்த இடத்தில் புகுந்து ஊரார் வைத்தியத்தையும் கெடுத்தேனா என்று ஃபெரேத்தி யோசித்துக்கொண்டே ஓட்டினார். தெலேசியாவிடம் கேட்டார், போதகரிடம் கேட்டார். இரண்டும்தான் என்று போதகர் சொன்னார். அது அவருக்கு ஆறுதலாகவும் இல்லை, திட்டாகவும் இல்லை. சபையில் பாதிப் பேர் அவரை வீரன் என்றார்கள். மீதிப் பேர் காந்தத்தோடு மல்லுக்கு நின்றவன் என்றார்கள்.

சில வாரம் கழித்து ஜோஸ்லினே போன் செய்தாள். புதுத் தேதி கொடுப்பதற்கு முன்னால் மறுபடியும் எல்லாவற்றையும் பேச வேண்டும் என்றாள். இந்தத் தடவை அவள் கேட்ட விதம் வேறு. "உங்க வேலை என்ன, ஒரு நாள் பட்டறையில என்ன என்ன செய்வீங்க, எனக்குச் சொல்லுங்க" என்றாள். ஃபெரேத்தி உற்சாகமாகச் சொன்னார். வெட்டுவது, தேய்ப்பது, பற்றவைப்பது.

"தேய்க்கும்போது தூள் கண்ணுக்குப் போகுமா?"

"போகாம? போகும். கழுவிட்டு வேலையைப் பார்ப்போம்."

"முதல் தடவை போன்ல கேட்டப்போ அதெல்லாம் கிடையாதுன்னீங்களே?"

"நீங்க காயம் பட்டுச்சான்னு கேட்டீங்க. அது காயமா? தூசி."

ஸ்கேனுக்கு முன்னால் கண்ணுக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னாள். எடுத்தார்கள். இடது கண் குழிக்குள், கடுகைவிடச் சின்னதாக, வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தது. அது இரும்பு. எப்போது போனது என்று யாருக்கும் தெரியவில்லை. ஃபெரேத்திக்கு வலித்ததே இல்லை. ஜோஸ்லின் படத்தில் அந்தப் புள்ளியைத் தொட்டுக் காட்டினாள்.

"அன்னைக்கு நீங்க அந்த அறைக்குள்ள போனீங்க" என்றாள்.

"ஆமா."

"இது நகர்ந்திருந்தா அந்தக் கண்ணு போயிருக்கும்."

ஃபெரேத்தி தன் கண்ணைத் தொட்டுப் பார்த்தார். அண்ணனுக்கு ஆபத்து என்று ஓடிய நேரத்தில் தன் தலைக்குள்ளேயே ஆபத்தைச் சுமந்துகொண்டு ஓடியிருக்கிறார். யாருக்காக யார் பயந்திருக்க வேண்டும்? யோசிக்க யோசிக்க முடிச்சு இறுகியதே தவிர அவிழவில்லை.

கண் டாக்டர் அதை எடுத்தார். அதற்குப் பிறகுதான் முட்டிக்கு ஸ்கேன் நடந்தது. ஜவ்வு கிழிந்திருந்தது தெரிந்து, குளிர்காலத்தில் அதையும் தைத்தார்கள். இப்போது நன்றாகவே நடக்கிறார்.

கண் ஆபரேஷன் அன்று தெலேசியாதான் அவரைக் கொண்டுபோய் விட்டாள். மத்தியானம் கட்டுப் போட்ட கண்ணோடு வெளியே வந்தபோது, கூடத்தில் அவுகுஸோ உட்கார்ந்திருந்தார். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை.

"நீ எதுக்குண்ணே வந்தே?"

"இன்னைக்கு யாரையாவது தப்பாக் கூப்பிட்டுட்டா? ரெண்டு பேரும் இருந்தா கணக்கு சரியாயிருக்கும்."

வாசலில் தெலேசியாவுக்காகக் காத்து நின்றார்கள். வண்டி ஓட்டத் தெரிந்த இரண்டு ஆண்பிள்ளைகள், ஓட்டக் கண் இல்லாமல் நிற்கிறோம் என்று ஃபெரேத்தி சொன்னார். பெரியவர் சிரிக்கவில்லை. "அன்னைக்கு உன் கத்தல் கேட்டுச்சு" என்றார். "வேற யாரு பேசினதும் சரியாக் கேக்கல எனக்கு. அது மட்டும் கேட்டுச்சு."

கார் வந்து நின்றது. அவுகுஸோ முன்கதவைத் திறந்து, தம்பியின் தலை இடிக்காமல் மேலே கையை வைத்து, உட்கார வைத்தார். பெல்ட்டை மாட்டிவிட்டார். பிறகு சுற்றிப் போய்ப் பின்னால் ஏறிக்கொண்டார்.